பழைய உறுப்பினர் ரயில் பாஸ்: எழுத்து, ஆண்டு, எடை

சட்டசபை உறுப்பினருக்குக் கொடுத்த பாஸ் என்று ஏதாவது விலைக்கு வந்தால் முதலில் எழுத்தைப் படியுங்கள். உலோகத்தைப் பிறகு பார்க்கலாம். "சி.ஜி.ஆர்." (சிலோன் கவர்ன்மென்ட் ரயில்வே) என்று கண்டதும் யாழ்ப்பாணத்தில் இலங்கைச் சாமான் என்றே கை நீளும். தென்னாபிரிக்காவின் கேப் அரசாங்க ரயில்வேயும் 1910 வரை அதே மூன்றெழுத்துத்தான். எம்.எல்.ஏ. என்று இருந்தால் அது இலங்கையே இல்லை. இங்கே 1931 வரை எம்.எல்.சி. (சட்டசபை உறுப்பினர்), பிறகு 1947 வரை எம்.எஸ்.சி. (அரசாங்க சபை உறுப்பினர்).

அடுத்தது ஆண்டு. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை 1902இல் ரயில் ஓடினாலும், கொழும்புப் பாதை இணைந்தது 1905இல்தான். அதற்கு முந்திய "கொழும்பு–யாழ்ப்பாணம்" பாஸ் பொய். இன்னொரு பொறி நமக்கே உரியது: யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் தேர்தல் பகிஷ்கரிப்பால் அரசாங்க சபையில் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆசனங்கள் 1931 முதல் 1934 வரை வெறுமையாகவே கிடந்தன. 1932 என்று பொறித்த "பருத்தித்துறை எம்.எஸ்.சி." பாஸ் வந்தால் செய்தவருக்கு நம்மூர் அரசியல் தெரியாது என்று அர்த்தம்.

பொன் பதக்கமாக வருபவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின். கடிகாரச் சங்கிலியில் கோக்க மேலே வளையம் இருக்கும். பத்தரிடம் கொடுத்து உரைகல்லில் உரைக்க வேண்டாம். விளிம்பு தேயும், விலையும் தேயும். 0.01 கிராம் தராசு போதும். முதலில் வெறுமனே நிறுங்கள்: 12.40 கிராம் என்று வைப்போம். பிறகு தண்ணீர்க் கிளாஸைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, பதக்கத்தை மெல்லிய நூலில் கட்டி முழுவதும் அமிழ, அடியில் முட்டாமல் தொங்கவிடுங்கள். முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 1.10 காட்டினால் 12.40 ÷ 1.10 = 11.27, ஒன்பது கரட் பொன்னுக்குக் கிட்ட. 1.46 காட்டினால் 8.5, முலாம் பூசிய பித்தளை. எழுத்துப் பள்ளத்தில் காற்றுக் குமிழி ஒட்டினால் நல்ல பொன்னும் பித்தளையாகத் தெரியும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். எனாமல் இருந்தால் கணக்கு எப்போதும் குறைத்தே காட்டும், அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

அட்டைப் பாஸ், டிக்கெட்டுகளுக்குப் பத்து மடங்கு லென்ஸ். எட்மன்ட்சன் அட்டை, அதாவது பழைய தடித்த அட்டை ரயில் டிக்கெட், 57 × 30.5 மி.மீ. ஈய எழுத்தில் அச்சிட்டதென்றால் எழுத்து தாளுக்குள் அமுங்கியிருக்கும். சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் பிரிண்டர் வேலை. கையால் எழுதிய ஊதாப் பென்சில் பெயர் ஈரம் பட்டால் கசியும், துடைக்கவே கூடாது.

மார்கழி மழையில்தான் சேதம். மெல்லிய பிவிசி உறை காலப்போக்கில் வியர்த்து மையைத் தூக்கிக்கொள்ளும். பொலியெஸ்டர் உறைக்கு மாற்றுங்கள். இருபது லீற்றர் காற்றுப்புகாப் பெட்டிக்குள் கொஞ்சம் சிலிக்கா ஜெல், கூட ஒரு ஈரப்பதமானி. 45–55 வீதத்தில் நின்றால் சரி. 35க்குக் கீழே இறங்கினால் அட்டை வில்லாக வளையும், ஜெல்லைக் குறையுங்கள். இராமபாணப் பூச்சிக்காக அந்துருண்டை போடாதீர்கள். அந்த வாடை அட்டையை விட்டுப் போகாது.