தீபாவளிக்கும் ஒரு லீவு போர்ம்

கொழும்பில் தனியார் கம்பனியில் சேரும் நம் பிள்ளைகள் முதல் வருடம் கட்டாயம் ஒருமுறை ஏமாறுவார்கள். கலண்டரில் தீபாவளிக்கு விடுமுறை என்று இருக்கும். ஆனால் அது பொது விடுமுறை, வங்கி விடுமுறை. தனியார் கம்பனிகளுக்குரிய வர்த்தக விடுமுறை என்ற குறி அதற்குப் பக்கத்தில் இருக்காது. தைப்பொங்கலுக்கு இருக்கிறது, தீபாவளிக்கும் சிவராத்திரிக்கும் இல்லை. பாங்கில் வேலை செய்யும் அண்ணன் வீட்டில் நின்று பலகாரம் சாப்பிட, தம்பி கொள்ளுப்பிட்டியில் கந்தோருக்கு வரவேண்டும். இல்லையென்றால் சொந்த லீவில் ஒன்றைக் கொடுக்கவேண்டும்.

லீவுக் கணக்குப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று என்பதால், தீபாவளிக்கு லீவு இல்லையா என்ற கேள்வி வருடா வருடம் என் மேசைக்குத்தான் வரும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் தருவது வருடாந்த லீவு 14 நாள், கெஷுவல் (சொந்த அலுவல், சுகவீனம் போன்றவற்றுக்கான லீவு) 7 நாள். கேட்க நல்லாய்த்தான் இருக்கும். முதல் வருடத்தில் வருடாந்த லீவே இல்லை, ஒவ்வொரு இரண்டு மாதமும் முடிய ஒரு கெஷுவல், அவ்வளவுதான். ஒக்டோபரிலோ அதற்குப் பிறகோ சேர்ந்தவருக்கு அடுத்த வருடமும் நாலே நாலு நாள். சுகவீன லீவு என்று அந்தச் சட்டத்தில் தனியாக எதுவும் கிடையாது. பல கம்பனிகள் தாமாக 7 நாள் கொடுக்கின்றன. கொடுக்காத இடத்தில் காய்ச்சலும் தீபாவளியும் ஒரே கெஷுவலுக்குத்தான் அடிபடவேண்டும்.

எங்களவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு, தூரம். யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் காரியம் என்றால் ஒரு நாள் லீவு போதாது. போன வருடம் புதிதாய்ச் சேர்ந்த ஒரு தம்பி தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

“அக்கா, அம்மம்மாட அந்தியேட்டி. கீரிமலையில. திங்கள் ஒரு நாள் தந்தால் காணும்.”

“திங்கள் இரவு பஸ் ஏறினா செவ்வாய் விடியத்தானே வெள்ளவத்தையில இறங்குவாய். நித்திரைத் தூக்கத்தோட வந்து என்னத்தைச் செய்யப்போறாய்? ரெண்டு நாளாப் போடு.”

அவனுடைய பயம் லீவு முடிந்துபோகும் என்பதல்ல. செத்தவீட்டுக்கென்று போய்வந்து ஒரு மாதம் ஆகிறது, மறுபடியும் அதே காரணமா என்று மனேஜர் நினைப்பார் என்பதுதான். மனேஜர் சிங்களவர். அந்தியேட்டி என்பது முப்பத்தோராம் நாள் சடங்கு என்றதும் அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் ஏழாம் நாள் தானம், மூன்றாம் மாதத் தானம் என்று செய்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, “பஸ்ஸிலா போகிறாய்?” என்று மட்டும் கேட்டார்.

இப்படியான மனேஜர் வாய்ப்பது அதிர்ஷ்டம். ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பி லீவு கேட்கவேண்டியிருப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. நான் முன்பு இருந்த ஓரிடத்தில் போர்மில் காரணம் எழுதும் கட்டத்தை நிரப்பாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். விளைவு, தீபாவளிக்கு மறுநாள் எல்லாருக்கும் வயிற்றோட்டம். (பலகாரத்தால் நிஜமாகவே வந்தவர்களும் இருக்கலாம்.) கட்டம் காரணத்தைக் கேட்டது, ஆட்கள் பொய் எழுதப் பழகினார்கள். அந்தக் கட்டத்தால் கம்பனி வேறெதையும் தெரிந்துகொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தில் யாரும் கவனிக்காத வரி ஒன்று இருக்கிறது: 14 நாளில் குறைந்தது 7 நாளைத் தொடர்ச்சியாக எடுக்கவேண்டும். கொழும்பில் அப்படிக் கேட்டால், “எங்கே, கனடாவுக்கோ?” என்பார்கள். சித்திரைப் புத்தாண்டோடு சேர்த்து நாலைந்து நாள், நல்லூர்த் தேருக்கு இரண்டு நாள் என்று துண்டு துண்டாகத்தான் போகிறது. மிச்சம் டிசெம்பரில் குவிய, எல்லாரும் ஒரே கிழமையில் கேட்டு, யார் யாருக்குக் கவர் பண்ணுவது என்று சண்டை பிடிப்பார்கள். அதனால் இப்போது ஜனவரியிலேயே ஒவ்வொரு பிரிவிடமும் பட்டியல் வாங்கிவிடுகிறேன். தீபாவளிக்கு யார், நத்தாருக்கு அடுத்த நாள் யார், ஏழு நாள் யாருக்கு எப்போது என்று பெயர் எழுதித் தரவேண்டும். மூத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். தங்கள் ஏழு நாளை இதுவரை எழுதித் தராதவர்களும் அவர்கள்தான்.