பயன்படுத்தாத கிரெடிட் கார்டை மூடுவதற்கு முன்

வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளக் கணக்கோடு வந்த கார்டு, வணிக வளாக வாசலில் மேசை போட்டு அமர்ந்திருந்தவர் கையெழுத்து வாங்கிக் கொடுத்த கார்டு, பெட்ரோலுக்குச் சலுகை என்று வாங்கிய இன்னொன்று என, மாதச் சம்பளக்காரர் பலரின் வீட்டு அலமாரியில் ஆண்டுக்கணக்கில் தொடப்படாத கார்டுகள் கிடக்கின்றன. அவற்றுக்கு ஆண்டுக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் கட்டிக்கொண்டே, மூடினால் சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கு இடப்படும் மதிப்பெண், விழுந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி அப்படியே வைத்திருப்பவர்களை என் உறவிலும் அலுவலகத்திலும் பார்க்கிறேன். இந்தப் பயம் முழுப் பொய் இல்லை. ஆனால் எது குறைகிறது, ஏன் குறைகிறது என்று தெரிந்துகொண்டால், தேவையற்ற கார்டை ஸ்கோருக்குப் பெரிய சேதம் இல்லாமல் மூடிவிட முடியும்.

இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்ற நான்கு நிறுவனங்கள் 300 முதல் 900 வரையிலான ஸ்கோரைக் கணக்கிடுகின்றன. கணக்கிடும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று வேறுபட்டாலும், தவணைகளைத் தேதி தவறாமல் கட்டியிருக்கிறோமா என்பதும், நமக்குக் கொடுக்கப்பட்ட கடன் வரம்பில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்துகிறோம் என்பதும் அதில் முக்கிய இடம் பெறுகின்றன. கார்டை மூடினோம் என்பதே ஒரு குற்றமாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. மூடும்போது மொத்த வரம்பு சுருங்குகிறது. செலவு அப்படியே இருப்பதால் பயன்பாட்டு விகிதம் ஏறுகிறது. அந்த ஏற்றம்தான் ஸ்கோரை இழுக்கிறது.

ஒருவரிடம் ₹2,00,000 வரம்புள்ள பழைய கார்டும் ₹1,00,000 வரம்புள்ள புதிய கார்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழையதைத் தொடுவதே இல்லை. வீட்டுச் செலவு, மின்கட்டணம், பள்ளிக் கட்டணம் என மாதம் ₹45,000 புதிய கார்டில் போகிறது. மொத்த வரம்பு மூன்று லட்சம் என்பதால் இப்போது அவருடைய விகிதம் 15 சதவீதம். பழைய கார்டை மூடிய மறுமாதமே, ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமல், அது 45 சதவீதமாகிவிடும். விகிதத்தை 30 சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஆகவே அவர் முதலில் செய்ய வேண்டியது, புதிய கார்டின் வரம்பை உயர்த்தித் தரும்படி அந்த வங்கியிடம் கேட்பதுதான். வரம்பு ₹1,50,000 ஆக உயர்ந்தால், பழையதை மூடிய பிறகும் விகிதம் 30 சதவீதத்தில் நிற்கும். வங்கி உயர்த்தித் தர மறுத்தால், ஸ்டேட்மென்ட் போடும் தேதிக்கு முன்பே செலவின் ஒரு பகுதியைக் கட்டிவிடலாம். ஸ்கோர் நிறுவனங்களுக்கு வங்கி தெரிவிக்கும் நிலுவை இதனால் குறைய வாய்ப்பு உண்டு. ஒரே வங்கியின் இரண்டு கார்டுகளுக்கும் வரம்பு பொதுவாக இருந்தால் கணக்கு வேறு; ஒன்றை மூடினாலும் மற்றொன்றில் அந்த வரம்பு தொடர வாய்ப்பு உண்டு என்பதால், அதை முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

கார்டின் வயதும் கணக்கில் வருகிறது. நம்மிடம் இருப்பவற்றில் மிகப் பழைய கார்டுதான் நம் கடன் வரலாற்றின் நீளத்தைக் காட்டுகிறது. மூடிய கார்டின் விவரம் அந்த நான்கு நிறுவனங்கள் தரும் கடன் அறிக்கையிலிருந்து அன்றே மறைந்துவிடுவதில்லை என்றாலும், தேர்வு நம் கையில் இருக்கும்போது, அண்மையில் வாங்கியதும் வரம்பு குறைவானதும் கட்டணம் கூடியதுமான கார்டை மூடுவதே சரி என்பது என் கருத்து. பழைய கார்டுக்குத்தான் கட்டணம் அதிகம் என்றால், அதைக் கட்டணமில்லாத வகைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்கலாம். மூட வேண்டும் என்று கஸ்டமர் கேரில் சொன்னவுடனேயே கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாகச் சில வங்கிகள் முன்வரும். அந்தத் தள்ளுபடி இந்த ஓராண்டுக்கா, எப்போதைக்குமா என்பதை மட்டும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொள்வதென்று முடிவு செய்த கார்டைச் சும்மா போட்டு வைப்பதும் பாதுகாப்பல்ல. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, வாடிக்கையாளருக்குத் தெரிவித்துவிட்டு, 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் வங்கியே மூடிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது. அந்த அறிவிப்பு பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருந்தால், நாம் தேர்ந்தெடுக்காத ஒரு நேரத்தில் நம் வரம்பு சுருங்கிவிடும். ரூபே கார்டாக இருந்தால் யுபிஐ செயலியில் இணைத்து, மளிகைக் கடையின் க்யூஆர் பலகையில் சில மாதங்களுக்கு ஒருமுறை சிறு தொகை செலுத்தி, அதை உரிய தேதிக்குள் கட்டிவிட்டாலே கார்டு உயிரோடு இருக்கும்.

வீட்டுக் கடனுக்கோ வாகனக் கடனுக்கோ விண்ணப்பிக்கப் போகிறவர்கள், கடன் கைக்கு வரும் வரை எந்தக் கார்டையும் மூடாமல் இருப்பது நல்லது. ஸ்கோர் சில புள்ளிகள் இறங்கினாலும் நாளடைவில் ஏறிவிடும். ஆனால் வட்டி விகிதம் நிர்ணயிக்கப்படும் அந்த வாரத்தில் அது இறங்கியிருக்கக் கூடாது.

மூடுவதென்று முடிவாகிவிட்டால், விண்ணப்பிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அந்தக் கார்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டோ டெபிட்டுகளை, அதாவது ஓடிடி சந்தா, காப்பீட்டு பிரீமியம், கைபேசிக் கட்டணம் போன்றவற்றை, வேறு கார்டுக்கு மாற்ற வேண்டும். காப்பீடு விட்டுப்போனால் ஏற்படும் இழப்பு எந்த ஸ்கோர் இழப்பையும்விடப் பெரியது. ஈஎம்ஐ பாக்கி இருந்தால் முடிக்க வேண்டும். ரிவார்டு பாயின்ட்டுகளைப் பயன்படுத்திவிட வேண்டும், ஏனென்றால் மூடிய பிறகு அவை பெரும்பாலும் போய்விடும். மனைவிக்கோ பிள்ளைக்கோ வாங்கிய துணைக் கார்டும் கூடவே செயலிழக்கும் என்பதால் அவர்களுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரைச் சிக்க வைப்பது பின்தொடரும் வட்டி. முந்தைய மாத நிலுவையை முழுதாகக் கட்டாமல் தள்ளிக்கொண்டு வந்த கார்டில், வட்டி ஒவ்வொரு நாளும் ஏறுகிறது. ஸ்டேட்மென்ட் 10-ஆம் தேதி ₹20,000 என்று காட்டுகிறது. நீங்கள் 25-ஆம் தேதி முழுத் தொகையையும் கட்டுகிறீர்கள். செயலியில் நிலுவை பூஜ்யம் என்று தெரிகிறது. ஆனால் மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால், இடைப்பட்ட 15 நாட்களுக்குச் சுமார் ₹345 வட்டியும் அதற்கான ஜிஎஸ்டியும் அடுத்த ஸ்டேட்மென்ட்டில்தான் வரும். கார்டை வெட்டிக் குப்பையில் போட்டவர் அதைப் பார்ப்பதில்லை. அந்தச் சிறு தொகையின் மேல் தாமதக் கட்டணம் ஏறி, தேதி கடந்த நிலுவை என்று அறிக்கையில் பதிவாகும்போது, கார்டை மூடியதால் ஸ்கோர் விழுந்தது என்று அவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அந்தக் கார்டு மூடப்படவே இல்லை. எனவே முழுத் தொகையும் கட்டிய பிறகு அடுத்த ஸ்டேட்மென்ட் வரும் வரை காத்திருந்து, அதில் வட்டி இருந்தால் அதையும் கட்டி, ஸ்டேட்மென்ட் பூஜ்யமாக வந்த பிறகே விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பத்தை எழுத்தில் தடம் இருக்கும் வழியில் கொடுப்பது நல்லது. கார்டின் கடைசி நான்கு இலக்கங்களைக் குறிப்பிட்டு, மூடும்படியும், மூடியதை எழுத்தில் உறுதிப்படுத்தும்படியும், நிலுவையில்லாச் சான்று அனுப்பும்படியும் மூன்று வரி மின்னஞ்சல் போதும். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று வங்கி வற்புறுத்தக் கூடாது. நிலுவை இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால், அதன் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ₹500 வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி. இந்த விதியை மின்னஞ்சலின் கடைசி வரியில் மரியாதையாகக் குறிப்பிடுவதில் தவறில்லை. கார்டை மூடித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று தாமாக அழைப்பவர்களிடம் மட்டும் எதையும் சொல்லாதீர்கள். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

ஓரிரு மாதம் கழித்து அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. அதில் அந்தக் கார்டின் பகுதியில் மூடிய தேதி பதிவாகியிருக்க வேண்டும். நிலுவை பூஜ்யமாக இருக்க வேண்டும். அதன் கீழே மாதவாரியாக வரும் கட்டங்களில் மூன்று பூஜ்யங்கள் இருந்தால் அந்த மாதங்களில் தேதி கடந்த பாக்கி இல்லை என்று பொருள். கணக்கின் நிலை செட்டில்டு என்று இருந்தால் உடனே கவனியுங்கள். முழுக் கடனையும் கட்டாமல் பேரம் பேசி முடித்தவர்களுக்கு இடப்படும் குறிப்பு அது; முழுதும் கட்டியவருடைய கணக்கில் அது இருந்தால் அடுத்த கடன் கேட்கும்போது தடையாக நிற்கும். நிலுவையில்லாச் சான்றை இணைத்து வங்கியிடமும் அறிக்கை தந்த நிறுவனத்திடமும் புகார் பதியுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வங்கி அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே கட்டணமின்றி முறையிடலாம்.