இருப்பு சரிபார்க்க வியன்னாவுக்குப் போன கதை

சர்வதேச அணுசக்தி முகமையில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் அம்மா கேட்டது: "பாதுகாப்பு வேலைன்னா போலீஸ் மாதிரியா?" கேள்வியில் தப்பில்லை. விபத்து நடக்காமல் பார்ப்பது சேஃப்டி. திருடனும் நாசக்காரனும் உள்ளே வராமல் பார்ப்பது செக்யூரிட்டி. ஒரு நாட்டு அரசே தன் யுரேனியத்தைச் சத்தமில்லாமல் குண்டு பக்கம் திருப்பிவிடாமல் பார்ப்பது சேஃப்கார்ட்ஸ். நாம் மூன்றையும் 'பாதுகாப்பு' என்றே சொல்லிவிடுகிறோம். எனக்குக் கிடைத்தது மூன்றாவது. அப்பாவுக்கு மட்டும் உடனே பிடிபட்டது. கூட்டுறவு சங்கக் குடோனில் இருப்பு சரிபார்த்தே ஓய்வு பெற்றவர். "மூட்டை எண்ற வேலை, அவ்வளவுதானே?" என்றார்.

விண்ணப்பம், தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. அணு உலையில் எட்டு வருடம் வேலை பார்த்திருந்ததால் நேர்காணலில் இயற்பியல் பயமில்லை. திணறவைத்தது இன்னொரு கேள்வி: "அறைச் சாவி வைத்திருப்பவர் லீவில் இருக்கிறார் என்கிறார் ஆலைக்காரர். என்ன செய்வீர்கள்?" சண்டை போடவும் கூடாது, சரி என்று திரும்பவும் கூடாது. எத்தனை மணிக்குக் கேட்டேன், என்ன பதில் வந்தது என்று எழுதிவைத்துக்கொண்டு அங்கேயே காத்திருப்பேன், தலைமையகத்துக்கும் சொல்வேன் என்றேன். தலையாட்டினார்கள்.

முகமையின் தலைமையகம் இருக்கும் வியன்னாவில் மாதக்கணக்கில் அறிமுகப் பயிற்சி. முதலில் சட்டமும் கணக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டிய எண்கள் சில உண்டு. புளூட்டோனியம் என்றால் 8 கிலோ. உயர் செறிவு யுரேனியத்தில் உள்ள யு-235 (யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் வகை; அதன் பங்குதான் செறிவு) என்றால் 25 கிலோ, குறை செறிவில் 75 கிலோ. இவ்வளவு காணாமல் போனால் ஒரு குண்டு செய்யும் வாய்ப்பைத் தள்ளிவிட முடியாது என்று வைத்துக்கொண்ட அளவு. அடுத்தது, பேரேட்டு இருப்புக்கும் கையிருப்புக்கும் உள்ள வித்தியாசம். தூளும் கரைசலுமாகப் பொருள் ஓடும் ஆலைகளில் அது பூஜ்யமாக வருவது அபூர்வம். குழாயில் ஒட்டியது, அளவீட்டில் பிசகியது எல்லாம் அதில் சேரும். போனில் சொன்னபோது அப்பா, "எலி தின்ன கணக்கு. அது எப்பவும் பூஜ்யமா வந்தாத்தான் பயப்படணும்" என்றார். எங்கள் பயிற்றுநரும் கிட்டத்தட்ட இதையே சொல்லியிருந்தார்.

கருவிப் பயிற்சியில்தான் மானம் போனது. யு-235 வெளியிடும் 186 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிரை எண்ணி யுரேனியத்தின் செறிவைச் சொல்லலாம். ஆனால் யுரேனியம் அடைத்த உருளையின் எஃகுச் சுவர் அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். சுவரின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளந்து திருத்தம் போட வேண்டும். நான் மறந்துவிட்டேன். நான்கு சதவீதம் என்று சீட்டு ஒட்டியிருந்த உருளை எனக்கு மூன்று சொச்சம் காட்டியது. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று அரை மணி நேரம் மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

துடைப்பு மாதிரி எடுப்பது பார்க்கச் சுலபம். ஒரு பருத்தித் துணித் துண்டால் மேசையைத் துடைத்துப் பையில் போடுவதுதான். இருவர் வேண்டும்: ஒருவர் துடைப்பார், மற்றவர் பையைப் பிடிப்பார். கண்ணுக்குத் தெரியாத துகள்கூட ஆய்வகத்தில் பேசும் என்பதால், போன வாரம் வேறு ஆலையில் போட்ட சட்டையே பொய் சொல்லிவிடலாம். கையுறை மாற்றும் வரிசை கைக்குப் பழகப் பத்து முறையாவது திட்டு வாங்கினேன்.

கடைசியில் ஒரு அணுமின் உலையில் ஒத்திகை. பயன்படுத்திய எரிபொருள் கிடக்கும் குளத்தின் மேல் பாலத்தில் நின்று, செரன்கோவ் ஒளியை, அதாவது எரிபொருளின் கதிர்வீச்சால் தண்ணீரில் எழும் மங்கலான ஒளியை, காட்டும் கருவியால் ஒவ்வொரு எரிபொருள் கட்டாகப் பார்க்க வேண்டும். நேர் மேலே நின்றால் கட்டின் துளைகளுக்குள்ளிருந்து ஒளி எழும். கொஞ்சம் சாய்ந்தாலும் மங்கிவிடும். பக்கத்துக் கட்டின் வெளிச்சம் பட்டுத் தெரிவதற்கும் சொந்த ஒளிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் படிப்படியாகத்தான் கற்றுக்கொள்கிறது. வரைபடத்தில் 61 கட்டுகள். மூலையில் இருந்த இரண்டு, கிரேன் மறைத்ததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அறிக்கையில் "61 சரிபார்க்கப்பட்டன" என்று எழுதிவிட்டேன். பயிற்றுநர் அந்த வரியின் கீழ் கோடு போட்டுக் கேட்டார்: "எண்ணியது நீங்களா, வரைபடமா?" அன்றிரவு முழு அறிக்கையையும் திருப்பி எழுதினேன். 59 பார்த்தேன், இரண்டைப் பார்க்க முடியவில்லை, காரணம் கிரேன். முந்தையதைவிட ஒரு பக்கம் கூடுதல்.

பயிற்சி முடிந்தால் உடனே பெட்டியைக் கட்டிவிட முடியாது. எந்தெந்த நாட்டுக்குப் போகலாம் என்று முகமை என் பெயரை முன்மொழியும். அந்த நாடு ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். இதுவரை இரண்டு நாடுகள் சரி என்றிருக்கின்றன. ஐ.நா.வின் வெளிர்நீலப் பயண ஆவணம் போன வாரம் கைக்கு வந்தது. அப்பாவிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "பத்து மூட்டைக்கு ஒண்ணை எடை போடுவீங்களா, எல்லாத்தையுமா?" என்று கேட்டார்.