ஜீப்ரா ஹவோர்த்தியா: இலை சுருங்கினால் வேரைப் பாருங்கள்

ஹவோர்த்தியா, தடித்த இலையில் வெள்ளை வரிகள் கொண்ட சின்னத் தொட்டிச் செடி. அதன் இலை சுருங்கி, ஓரம் உள்பக்கமாக மடங்கி நிற்கிறது என்றால் கை உடனே தண்ணீர்க் குவளைக்குத்தான் போகும். பல செடிகள் சாவது அந்தக் குவளைத் தண்ணீரில்தான். இலை சுருங்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தொட்டியில் தண்ணீர் இல்லை. இன்னொன்று, தண்ணீர் இருந்தும் குடிக்க வேர் இல்லை. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வேர் போன செடிக்கு மேலும் ஊற்றினால் மிச்சமிருக்கும் தண்டும் அழுகிவிடும்.

செடியின் நடுவை இரண்டு விரலால் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றால் வெறும் தாகம்தான், நன்றாக ஊற்றினால் சில நாட்களில் இலை உப்பிவிடும். விழப்போகிற பால் பல் மாதிரி ஆடினால் வேர் இல்லை. தொட்டியைக் கவிழ்த்தே ஆக வேண்டும்.

நர்சரியில் ‘ஜீப்ரா பிளான்ட்’ என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் ஹவோர்த்தியாப்சிஸ் அட்டெனுவாட்டா (ஹவோர்த்தியாவுக்கு இப்போதைய அறிவியல் பெயர் இது). லேபிளில் அதன் உறவு இனமான ‘ஃபேஸியேட்டா’வின் பெயர் எழுதியிருக்கும், அதை நம்ப வேண்டாம். இலையின் உட்புறத்தைத் தடவினால் தெரிந்துவிடும். ஃபேஸியேட்டாவுக்கு வெள்ளைப் புள்ளிகள் வெளிப்புறத்தில் மட்டும்தான், உட்புறம் வழவழப்பு. அட்டெனுவாட்டாவுக்கு இரண்டு பக்கமும் சொரசொரப்பு இருக்கும். வளர்ப்பு முறை இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால் பெயருக்காகச் சண்டை போட வேண்டியதில்லை. கற்றாழையின் சொந்தக்காரச் செடி இது. தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் பகுதியில் புதர்களின் அடியிலும் பாறை இடுக்குகளிலும் வளர்வது. சக்குலன்ட் (சதைப்பற்றுச் செடி) என்றாலே வெயில் என்று நினைத்து மொட்டைமாடியில் வைப்பவர்கள் இந்தப் ‘புதரடி’யை மறந்துவிடுகிறார்கள்.

வாங்கி வந்த செடி அநேகமாக மூன்று அங்குல பிளாஸ்டிக் தொட்டியில், முழுக்க முழுக்கக் கோகோபீட்டில், அதாவது தென்னைநார்த் தூளில் இருக்கும். நர்சரிக்காரருக்கு அது வசதி, எடை குறைவு. வீட்டில் அது வேருக்கு எமன். ஈரமாக இருந்தால் நடுவில் நாள் கணக்கில் காயாது, ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் ஊற்றும் தண்ணீர் ஓரமாகவே வழிந்து ஓடிவிடும், வேர்க்கட்டி நனையாது. எனவே வந்த வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். கட்டியை ஒரு மழுங்கிய குச்சியால் பொறுமையாகக் கிளறி உதிர்த்தால் வேர்கள் வெளியே வரும். உயிருள்ள வேர் தடிமனாக, வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ, அமுக்கினால் கெட்டியாக இருக்கும். செத்த வேரைப் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் உறைபோல உருவி வரும், உள்ளே ஒரு நூல் மிஞ்சும். அப்படிப்பட்டதையெல்லாம் தண்டுவரை நறுக்கிவிடலாம். பழைய வேரைக் கைவிட்டுப் புதிது விடுவது இந்தச் செடியின் வழக்கம்தான், நாலைந்து செத்த வேர்களைப் பார்த்துப் பதற வேண்டாம். காய்ந்த அடியிலைகளையும் உரித்துவிட்டு, நிழலில் காற்றோட்டமாக மூன்று நாள் சும்மா போட்டுவையுங்கள். பிறகு காய்ந்த கலவையிலேயே நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். நட்ட உடனே ஊற்றினால் வேரின் காயங்கள் வழியாக அழுகல் உள்ளே போகும்.

கலவைக்கு வருவோம், பாதி வேலை இதில்தான். அளவு குவளைக் கணக்கு: செங்கல் சில்லு மூன்று பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய இலைமட்கு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. செங்கல்லை உடைத்து 3 முதல் 5 மில்லிமீட்டர் வரையுள்ள சில்லுகளை மட்டும் சலித்து எடுக்க வேண்டும், தூள் ஒட்டு மொத்தமும் வெளியே. நன்றாக வெந்த செங்கல்லாக இருக்கட்டும். சந்தேகமிருந்தால் ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுவையுங்கள், காலையில் விரலால் தேய்த்தால் குழைகிறது என்றால் அது தொட்டிக்குள்ளும் சேறாகிவிடும். பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) அல்லது பெர்லைட் (பொரிபோன்ற வெள்ளைக் கனிமத் துகள்) கிடைத்தால் செங்கல்லின் இடத்தில் போடலாம், ஆனால் பெர்லைட் எடையில்லாதது, ஊற்ற ஊற்ற மேலே மிதந்து வரும். கட்டடத்துக்கு வரும் எம்-சாண்டில் கல்மாவு அதிகம். அலசாமல் போட்டால் இரண்டே மாதத்தில் தளம் போட்டதுபோல இறுகிவிடும். வாளியில் போட்டுக் கலக்கி, மேலே நிற்கும் கலங்கல் தெளியும்வரை ஐந்தாறு முறை வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு.

கலவை சரியா என்று பார்க்க ஒரு குவளைத் தண்ணீர் போதும். தொட்டியில் ஊற்றியதும் மேலே தேங்காமல் சில நொடிகளில் அடி ஓட்டை வழியே வெளியேற வேண்டும். பத்து நொடிக்கு மேல் குளம்போல நின்றால் தூள் அதிகம், மறுபடி சலிக்க வேண்டியதுதான்.

தொட்டி, செடியின் அகலத்தைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பெரிதாக இருந்தால் போதும். வளரட்டும் என்று பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். சுடுமண் தொட்டி நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும். அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் வடியும் என்பது ஊரெல்லாம் சொல்லும் யோசனை. நடப்பது நேர்மாறு. பொடிக் கலவை முழுதாக நனைந்து ததும்பும்வரை தண்ணீர் அதை விட்டுக் கீழே உள்ள பெரிய இடைவெளிக்குள் இறங்காது. அதனால் அடியில் தேங்க வேண்டிய ஈரம் ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் தேங்கும். ஓட்டையை மூட ஒரு துண்டு வலை வைத்தால் போதும்.

தண்ணீரை வாரம் ஒருமுறை என்று நாள்காட்டியில் குறித்து ஊற்றாதீர்கள். ஊற்றினால் அடியில் வழியும்வரை ஊற்றுங்கள், அதன்பின் முழுதாகக் காயட்டும். தொட்டியைக் கையில் தூக்கிப் பழகினால் எடையே சொல்லிவிடும். பழகும்வரை ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகி எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை செடி நன்றாக வளரும், அப்போது எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை கேட்கும். ஏப்ரல், மே மாதங்களில் நிலைமை வேறு. இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவின் குளிர்ச்சியில்தான் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். அக்னி நட்சத்திரத்தில் இரவும் புழுங்கும்போது அது கிட்டத்தட்டத் தூங்கிவிடும். தூங்கும் செடிக்குத் தாகம் குறைவு. வெயில் கொளுத்துகிறதே என்று தினம் ஊற்றினால் சூடும் ஈரமும் சேர்ந்து வேரை வேகவைத்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பொழுது சாய்ந்த பிறகு, அளவாக. வடகிழக்குப் பருவமழையில் கூரைக்கடியில் இருக்கட்டும், காற்றே ஈரமாக இருக்கும் வாரங்களில் ஊற்றாமலே விடலாம். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இலைக்கூட்டின் நடுவில் தண்ணீர் நின்றால் ஊதி வெளியேற்றிவிடுங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக உள்ள இடங்களில் மண்மேல் வெள்ளைப் படலம் கட்டி இலை நுனி கருகும். மழைத்தண்ணீரோ ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ அவ்வப்போது மாற்றி விடலாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் வேண்டாம், உப்பெல்லாம் திரண்டிருப்பது அதில்தான்.

வெளிச்சம்: காலை வெயில் இரண்டு மணி நேரம், மீதி நேரம் வெளிச்சமான நிழல். இலை செம்பழுப்பாக மாறினால் வெயில் அதிகம், நிழலுக்கு மாற்றினால் பச்சை திரும்பிவிடும். வெளிறி, இலைகள் நீண்டு, கூடு விரிந்துபோனால் வெளிச்சம் போதவில்லை. அப்படி நீண்ட இலை திரும்பச் சுருங்காது, புது இலைதான் சரியாக வரும்.

தொட்டியைச் சுற்றி எறும்பு ஊர்ந்தால் மாவுப்பூச்சியைத் தேடுங்கள். இலை இடுக்கில் பஞ்சுபோல இருப்பதை ஸ்பிரிட்டில் நனைத்த பட்ஸால் ஒற்றி எடுத்துவிடலாம். கண்ணில் படாமல் வேரில் இருக்கும் வகைதான் ஆபத்து. செடி காரணமே இல்லாமல் வளராமல் நின்றால் கவிழ்த்துப் பாருங்கள், வேரிலும் தொட்டியின் உள்சுவரிலும் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும். கலவையை மொத்தமாகக் கொட்டிவிட்டு, வேரை ஓடும் தண்ணீரில் கழுவி, தொட்டியில் கொதிநீர் ஊற்றிச் சுத்தம் செய்து, புதுக் கலவையில் நடுங்கள். வேப்பெண்ணெய் தெளிப்பதானால் லிட்டருக்கு ஐந்து மில்லி, இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் நிழலில் மட்டும். எண்ணெய் பூசிய இலையில் வெயில் பட்டால் வெந்துபோகும்.

உரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், வளரும் மாதங்களில் மாதம் ஒருமுறை.

இனி பெருக்குவது. அட்டெனுவாட்டா அடியில் தானாகவே குட்டி போடும். விரல் நுனி அளவில் இருக்கும்போதே பிய்க்க அவசரப்படாதீர்கள், தாயின் மூன்றில் ஒரு பங்காவது வளரட்டும், அப்போது அநேகமாகச் சொந்த வேர் இருக்கும். தொட்டியிலிருந்து முழுச் செடியையும் எடுத்து, மண்ணை உதிர்த்து, குட்டியின் அடியைப் பிடித்துத் தாயிடமிருந்து விலக்கினால் ‘டப்’பென்று வந்துவிடும். வராவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் இணைப்பை அறுக்கலாம். இரண்டு மூன்று நாள் உலர்த்தி நட்டால் போதும். லவங்கப்பட்டைத்தூள் பூசுவதெல்லாம் அவரவர் விருப்பம், காயத்தை ஆற்றுவது காற்றுதான். வேரில்லாத குட்டியைப் புதைக்காமல் கலவையின் மேல் உட்காரவைத்து, ஓரமாக மட்டும் லேசாக ஈரம் காட்டினால் மூன்று நான்கு வாரத்தில் வேர் இறங்கும்.

இலையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் எச்செவேரியா என்ற இன்னொரு சக்குலன்ட் மாதிரி எல்லா இலையும் முளைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தண்டோடு ஒட்டியிருக்கும் வெள்ளை அடிப்பகுதி முழுசாக வந்தால்தான் உண்டு. இலையை மேல்நோக்கி இழுக்காமல் இடம் வலமாக ஆட்டி எடுங்கள். பாதியில் முறிந்த இலை குப்பைக்குத்தான். ஒரு வாரம் உலர்த்தி, அடி மட்டும் கலவையைத் தொடும்படி சாய்த்து வையுங்கள். வேர் வர ஒன்றிரண்டு மாதம், குட்டி வர அதற்கும் மேல். சில இலைகள் வேர் மட்டும் விட்டுவிட்டு மாதக்கணக்கில் அப்படியே பச்சையாக உட்கார்ந்திருக்கும்.

குட்டியே போடாத செடிக்கு நூல் வைத்தியம். குளிர் மாதங்களில் செய்யுங்கள். மீன் பிடிக்கும் நைலான் நரம்பை எடுத்து, அடியிலிருந்து மூன்று வரிசை இலைகளை விட்டு, இலைகளுக்கு இடையே தண்டைச் சுற்றிக் கொண்டுவந்து, இரு முனைகளையும் குறுக்காக மாற்றிப் பிடித்து ஒரே இழுப்பாக இழுங்கள். கத்தி அந்த இடுக்கில் நுழையாது, நுழைந்தால் நான்கு இலைகளைச் சேர்த்துச் சீவிவிடும். மேல்பாதியை ஒரு வாரத்துக்கு மேல் உலர்த்தி வேரில்லாக் குட்டிபோல வளருங்கள். அடிப்பாதி தொட்டியிலேயே இருக்கட்டும், வெட்டுவாய் காயும்வரை தண்ணீர் வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் வெட்டைச் சுற்றி நாலைந்து குட்டிகள் எட்டிப்பார்க்கும்.

மஞ்சளோ வெள்ளையோ கோடிட்ட வெரிகேட்டட் செடியாக இருந்தால் குட்டியின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள். முழு வெள்ளைக் குட்டி பார்க்க அழகாக இருக்கும், விலையும் அதிகம் சொல்வார்கள். அதில் பச்சையமே கிடையாது. தாயோடு இருக்கும்வரை தாயின் உணவில் வாழும், பிரித்து நட்டால் வேர் விட்டாலும் பட்டினியில் செத்துப்போகும். அதைத் தாயின் இடுப்பிலேயே விட்டுவிட்டு, பச்சையும் கோடும் கலந்திருக்கும் குட்டியை எடுங்கள்.