கணினிப் பெட்டியில் விரல் சிலிர்த்தால்

கொழும்பில் ஓர் ஆய்கூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். எங்கள் பொட்டென்சியோஸ்டற் (கரைசலில் வைத்த மின்வாய்களுக்கு மின்னழுத்தம் கொடுத்து, ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வரையும் வரைபுகள் கொஞ்சக் காலமாக மயிர்க்கொட்டிபோல வந்துகொண்டிருந்தன. "மெஷின் முடிஞ்சுது சேர்" என்று மாணவர்கள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். மென்பொருளில் 50 ஹேர்ட்ஸ் வடிகட்டியைப் போட்டுவிடலாம் என்றார் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேகமான பரிசோதனையில் வடிகட்டி உண்மையான உச்சியையும் சேர்த்து மழுக்கிவிடும்.

முதலில் இந்த நடுக்கத்தின், அதாவது இரைச்சலின், மீடிறனைப் பார்த்தேன். மின்னழுத்தத்தை ஒரே பெறுமானத்தில் நிறுத்தி, மின்னோட்டத்தை வேகமாகப் பதிந்தபோது முகடுகள் 20 மில்லிசெக்கனுக்கு ஒன்றாக வந்தன. சுவரில் வரும் 230 வோல்ற்றின் அதே 50 ஹேர்ட்ஸ். 10 மில்லிசெக்கனாக இருந்திருந்தால் ஏதாவதொரு மின்வழங்கியின் சீராக்கியை (ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் பகுதி, அதன் அலை இரட்டிப்பு மீடிறனில் வரும்) சந்தேகித்திருப்பேன். அதற்கு மேல் கிலோஹேர்ட்ஸ் அளவில் ஒரு மெல்லிய பிசிறும் இருந்தது.

கலத்தை, அதாவது கரைசலும் மின்வாய்களும் உள்ள பாத்திரத்தை, கழற்றிவிட்டு 1 மெகாஓம் தடையொன்றைக் கொழுவினேன். 0.5 வோல்ற் கொடுத்தால் 0.5 மைக்ரோ அம்பியர் வர வேண்டும், வந்தது. நடுக்கம் நன்றாகக் குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. அப்படியென்றால் இரைச்சல் கலத்துக்குள்ளாலும் வருகிறது, கருவியோடு தொடுத்த வயர்களாலும் வருகிறது.

கலத்தில் இருந்த கோளாறு சுலபம். வெள்ளி - வெள்ளிக் குளோரைட்டு மாட்டேற்று மின்வாயின் (மற்ற மின்வாயின் அழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வைப்பது) நுனியில் காற்றுக்குமிழி ஒன்று. குமிழி இருந்தால் அந்த மின்வாயின் தடை ஏறிவிடும், அதன் வயர் அன்ரெனா ஆகிவிடும். தட்டி எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலையும் மாற்றினேன்.

மற்றதுதான் ஆளை அலைக்கழித்தது. மேசைக் கணினியை எடுத்துவிட்டு, சார்ஜர் கொழுவாத மடிக்கணினியில் ஓட்டியபோது 50 ஹேர்ட்ஸ் ஏறக்குறைய மறைந்தது. மேசைக் கணினியின் பெட்டியைத் தொட்டால் விரல் சிலிர்க்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பழைய கட்டடம்தானே என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. பிளக்கைப் பின்தொடர்ந்து போனால், சுவரில் வட்டப் பின் சொக்கற், அதில் ஓர் அடப்டர், அதற்குள் 13 அம்பியர் சதுரப் பின் பிளக். மல்ரிமீற்றரில் பார்த்தேன்: அடப்டரின் எர்த் உள்ளே எங்கும் தொடுக்கப்படவில்லை. எர்த் இல்லாவிட்டால் கணினி மின்வழங்கியின் வடிகட்டிக் கொள்ளளவிகள் பெட்டியைச் சுவர் மின்னழுத்தத்தின் ஏறக்குறையப் பாதிக்குத் தூக்கிவிடும். அதனால் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியதுதான். ஆனால் அது யூஎஸ்பி வயரின் கவசம் வழியாக எங்கள் கருவிக்குள் போய், கருவியின் எர்த்தால் பூமிக்கு இறங்குகிறது. நாங்கள் அளப்பதோ அதைவிடச் சிறிய ஓட்டம்.

வயரிங் பார்க்க வந்த அண்ணன், "கருவியின்ர எர்த்தையும் கழட்டிவிட்டாச் சரிதானே?" என்று கேட்டார். இரைச்சல் குறையலாம், ஆனால் உள்ளே ஒரு வயர் அறுந்து பெட்டியில் பட்டால் தொடுகிற பிள்ளையின் கதி என்ன? அதைச் செய்ய விடவில்லை. எர்த் ஒழுங்காக உள்ள 13 அம்பியர் சொக்கற் ஒன்றை அடிப்பித்து, கணினி, கருவி இரண்டையும் அதிலிருந்து ஒரே பிளக் பலகையில் எடுத்தோம். சிலிர்ப்பும் போயிற்று.

கிலோஹேர்ட்ஸ் பிசிறுக்குப் பற்றரியில் ஓடும் சின்ன ரேடியோவே போதும். மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து அறையைச் சுற்றினேன். மேசைக்கு மேலிருந்த எல்ஈடி விளக்கின் கீழே காதைக் கிழித்தது. விளக்கை அணைத்தால் பிசிறில் பெரும்பகுதி இல்லை. விளக்கை மாற்றப் பணம் கேட்டால் கடிதப் போக்குவரத்திலேயே வருடம் ஓடிவிடும். பெரிய பிஸ்கட் தகரமொன்றில் வயர் போக ஓட்டை போட்டு, கலத்தை அதற்குள் வைத்து மூடினேன். தகரத்தைக் கருவியின் புவித்தொடுப்பு முனையோடு முதலைக் கவ்வியால் இணைக்க வேண்டும். இணைக்காமல் சும்மா மூடினால் சில வேளை இரைச்சல் கூடும்.

லிப்ட் ஓடும்போது மட்டும் சிறு முட்கள் இன்னும் வருகின்றன. மைக்ரோ அம்பியர் அளவில் அது பெரிய குறையில்லை. நனோ அம்பியர் வேலை இருந்தால் மாலையில், கட்டடம் காலியான பிறகு ஓட்டுகிறோம்.