கார்னிவலுக்கு முந்தியே திரினிடாட் போகவேணும்

2027இல் கரீபியன் தீவான திரினிடாட்டின் கார்னிவல் பெப்ரவரி 8, 9ஆம் திகதிகளில் வருகிறது. என் கணவர் அந்த வார இறுதிக்கு ரிக்கெற் போட்டால் காணும் என்கிறார். நான் ஜனவரி கடைசியிலேயே தலைநகர் போர்ட் ஒஃப் ஸ்பெயினில் இறங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறேன். இறகும் மணியும் கட்டி ஆடுகிற அந்த இரண்டு நாளையும் ரொறன்ரோவில் இருந்துகொண்டே தொலைக்காட்சியில் பார்க்கலாம். பான்யார்டை அப்படிப் பார்க்க முடியாது.

ஸ்டீல்பான் என்பது எண்ணெய்ப் பீப்பாயில் செய்கிற வாத்தியம். ஒவ்வொரு ஸ்டீல்பான் குழுவுக்கும் சொந்தமாக ஒரு முற்றம் இருக்கிறது. அதுதான் பான்யார்ட். கார்னிவலுக்கு முந்தின சனிக்கிழமை இரவு குயின்ஸ் பார்க் சவானா என்ற பெரிய திடலில் இந்தக் குழுக்கள் மோதுகிற பனோரமா இறுதிப் போட்டி. 1963இல் தொடங்கியது. பெரிய குழுக்களில் நூறு பேருக்கு மேல் ஒரே மேடையில் நின்று அடிப்பார்கள். ஒரு குழுவுக்குக் கிடைப்பது எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடம் பான்யார்டில் வாரக்கணக்காக, இரவிரவாகத் துண்டு துண்டாக உருவாகிறது. இசையமைப்பாளர் ஒரு வரியைப் பாடியோ வாசித்தோ காட்டுவார், ஆக்கள் பிடித்துக்கொள்வார்கள், அதையே திரும்பத் திரும்ப அடிப்பார்கள். பலர் தாளைப் பார்த்து வாசிப்பதில்லை, காதும் கையும்தான். வெளி ஆள் உள்ளே போய்ப் பக்கத்தில் நின்று கேட்கலாம், பெரும்பாலும் காசு கேட்பதில்லை. ஒரு ஊர் தன்னுடைய மிகப் பெரிய இசையை இப்படிக் கதவு திறந்து வைத்துக்கொண்டு செய்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம்.

என்னோடு வேலை செய்கிற ஒரு போர்ட் ஒஃப் ஸ்பெயின்காரி மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கொரு வரைபடம் கீறித் தந்தாள். டியூக் வீதியில் ஓல் ஸ்டார்ஸ், சார்லட் வீதியில் ரெனகேட்ஸ், வுட்புரூக் பக்கம் ஃபேஸ் டூ. மூன்று குழுக்களின் முற்றமும் சவானாவுக்குக் கிட்ட. வுட்புரூக்கில் அறை எடுத்தால் சுகம் என்றாள். கார்னிவல் நாட்களுக்கு விடுதிகள் விலையை ஏற்றிவிடும், ஆகவே முன்கூட்டியே பிடிக்கவேணும். இரவில் நடந்து திரியாதே, தெரிந்த வாகனக்காரர் ஒருவரை முழு நாட்களுக்கும் ஒழுங்கு பண்ணு என்று இரண்டு தரம் சொன்னாள். தன் ஊரை நேசிக்கிற ஆளே சொன்னதால் அதை அப்படியே கேட்கப் போகிறேன்.

போன கோடையில் அவள்தான் என்னை ரொறன்ரோ ஸ்காபரோவில் ஒரு கிட்டங்கிக்குப் பின்னால் நடந்த பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இங்கத்தைய ஓகஸ்ட் கார்னிவலுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு ஓரத்தில் சுருதி சேர்ப்பவர் ஒருவர் மேல்சுரங்கள் வாசிக்கிற டெனர் பானைத் தலைகீழாகப் பிடித்துச் சின்னச் சுத்தியலால் அடிப்பக்கம் தட்டுவார், நிமிர்த்தி மேலே ஒரு தட்டு, காதைக் கிட்டக் கொண்டுபோவார், மறுபடியும் கீழே. 55 கலன் எண்ணெய்ப் பீப்பாயின் அடித்தகட்டைக் கிண்ணம் போலக் குழியவைத்து, அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு முட்டைவடிவக் கட்டம். பெரிய கட்டங்கள் விளிம்பில், சின்னவை நடுவில். கோலின் நுனியில் ரப்பர் சுற்றியிருக்கும். பேஸ் வாசித்த பொடியனைச் சுற்றி ஆறு முழுப் பீப்பாய்கள், ஒவ்வொன்றிலும் மூன்றே சுரங்கள். அவன் இடுப்பைத் திருப்பித் திருப்பி அவற்றுக்குள் ஆடிக்கொண்டு நின்றான். பின்னால் 'எஞ்சின் ரூம்': பழைய வாகனத்தின் பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் அடிக்கிற மூன்று பேர். என் மகள் மிருதங்கம் படிக்கிறாள். அன்று அவள் பான்களைப் பார்க்கவேயில்லை, அந்த இரும்புக்காரர்களின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த இசை எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு போனால்தான் அங்கே நிற்கிறதுக்கு மரியாதை. 1881இல் கார்னிவலில் பொலிஸுக்கும் சனத்துக்கும் பெரிய மோதல். அதற்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு தெருவில் பறையடிப்பதைச் சட்டம் போட்டு அடக்கியது. சனம் மூங்கிலை வெட்டி நிலத்தில் இடித்துத் தாளம் போட்டது. பிறகு பிஸ்கற் தகரம், பெயின்ற் வாளி, கடைசியில் எண்ணெய்ப் பீப்பாய். போர்ட் ஒஃப் ஸ்பெயினை ஒட்டிய லவென்டில் மலைப்பக்கத்து ஏழைப் பொடியள் செய்ததை 'ரவுடிகளின் சத்தம்' என்று மேல்தட்டு ஒதுக்கியது. 1951இல் அந்தத் தீவின் ஒரு குழு லண்டனில் பிரிட்டன் விழாவில் வாசித்தது. 2023இல் ஐ.நா. ஓகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பான் நாளாக அறிவித்தது. தடுக்கத் தடுக்க வேறு பொருளை எடுத்து அடித்த சனத்தின் கையில் பிறந்த வாத்தியம் அது. எனக்கு இதைச் சொல்லும்போதே நெஞ்சு நிறைகிறது.

ரெனகேட்ஸ் முற்றத்துக்குப் போக எனக்கு இன்னொரு காரணமும் உண்டு: அவர்களின் இசையமைப்பாளராக இருந்த ஜிட் சமரூ. லொபினோ பள்ளத்தாக்கில் ஒரு இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். 1982க்கும் 1997க்கும் இடையில் ரெனகேட்ஸுக்கு ஒன்பது பனோரமா வெற்றிகளை எடுத்துக் கொடுத்தவர். 2016இல் காலமானார்.

அம்மா கேட்டது வேறு கேள்வி. "அங்க எங்கட ஆக்கள் இருக்கினமோ?" 1845இல் முதல் கப்பல் வந்ததிலிருந்து 1917 வரை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் போனார்கள். பெரும்பாலானோர் கல்கத்தாவில் ஏறிய வட இந்தியர், மெட்ராஸில் ஏறியவர்கள் கொஞ்சப் பேர். தமிழ் பேச்சு அங்கே நிலைக்கவில்லை. ஆனால் காளி கோயில்களில் பூசைக்கு இன்றைக்கும் தப்புப் பறை அடிக்கிறார்கள். இதைச் சொன்னதும் அம்மா பயணத்துக்கு முழுச் சம்மதம். பான்யார்டுக்கும் வருவாராம், கதிரை கிடைத்தால்.

மற்றதெல்லாம் சுலபம். ரொறன்ரோவிலிருந்து நேர் விமானம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் வழியில் விமானம் மாறுகிற நாட்டின் விசா விதியை முதலில் பாருங்கள், நியூயோர்க் வழியென்றால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேணும். திங்கட்கிழமை விடியமுன் சேறு பூசி ஆடுகிற ஜூவேக்கு நானும் இவரும் மட்டும். பொரித்த ரொட்டிக்குள் கடலைக்கறி வைக்கிற டபுள்ஸ் எல்லோருக்கும், அம்மாவுக்கு உறைப்பில்லாமல். இறுதிப் போட்டிக்கு இரண்டு பேருக்குத்தான் நுழைவுச்சீட்டு எடுக்கிறேன். மற்றவர்கள் சவானாவுக்கு வெளியே, மேடைக்கு ஏறமுன் குழுக்கள் வரிசையாக நின்று கடைசித் தரம் அடித்துப் பார்க்கிற பாதையில் நிற்கலாம். சில்லுப் பூட்டிய தட்டுகளில் பான்களை ஆக்கள் கையாலேயே தள்ளிக்கொண்டு வருவார்களாம்.

காதடைப்பான் வாங்கவேணும், முதலில் மகளுக்கு. அவளுடைய மிருதங்க வாத்தியார் இரண்டு கிழமை வகுப்புக்கு வராமல் இருக்கச் சம்மதித்துவிட்டார். இரும்பு அடிக்கிறதை மட்டும் கிட்ட நின்று தனியாகப் பதிந்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.