ஆய்வேட்டு நடையை விட்டு நாளிதழுக்கு எழுதுவது

பன்னாட்டு உறவுகளில் ஆய்வு செய்பவர்கள் பொது வாசகருக்கு எழுதும்போதும் ஆய்வேட்டின் வரிசையையே பிடித்துக்கொள்கிறார்கள்: பின்னணி, முந்தைய ஆய்வுகள், கோட்பாடு, கடைசியில் முடிவு. நாளிதழில் கிடைப்பது ஏறத்தாழ 800 சொல். முடிவு முதல் 100 சொல்லுக்குள் வந்துவிட வேண்டும். கோட்பாட்டுச் சண்டையை வகுப்பறையிலேயே விட்டுவிடுங்கள்.

எழுத உட்காருமுன் உங்கள் வாதத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அதை மறுக்க ஒருவராவது இருக்க வேண்டும். 'ஐ.நா. பாதுகாப்பு அவையைச் சீர்திருத்த வேண்டும்' என்பதில் சண்டை போட ஒன்றுமில்லை. 'சாசனத்தின் 108ஆம் பிரிவு இப்படியே இருக்கும்வரை புதிய நிரந்தர இடங்கள் வராது' என்று எழுதினால் அது வாதம். அடுத்த பத்தியிலேயே காரணம் வரட்டும்: புதிய இடம் சேர்க்கச் சாசனத்தைத் திருத்த வேண்டும், அதற்குப் பொது அவையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், பிறகு உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்புறுதி (தத்தம் நாட்டுச் சட்டப்படி முறையான ஒப்புதல்) தர வேண்டும், அதில் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் அடங்க வேண்டும். '1965இல் பாதுகாப்பு அவையின் இடங்கள் 11இலிருந்து 15 ஆனதே?' என்று விவரம் தெரிந்தவர் கேட்பார். கூடியவை நான்கும் நிரந்தரமற்ற இடங்கள் என்ற பதிலையும் நீங்களே எழுதிவிடுங்கள். எதிர்வாதத்தை ஒளித்தால் கட்டுரை பிரச்சாரமாகிவிடும்.

சுருக்கும்போதுதான் பிழை நுழைகிறது. சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்கை விசாரிக்கிறது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தனிநபர்களை விசாரிக்கிறது. இரண்டும் தி ஹேக் நகரில் இருப்பதால் இடம் மாறி அச்சாகிவிடுகின்றன. கையெழுத்தும் ஏற்புறுதியும் வேறு: விரிவான அணுசோதனைத் தடை ஒப்பந்தத்தில் 1996இல் அமெரிக்கா கையெழுத்திட்டது, 1999இல் அதன் செனட் நிராகரித்தது. 'அமெரிக்கா ஒப்பந்தத்தில் இணைந்தது' என்று எழுதினால் மொத்தக் கட்டுரையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

'மேற்குலகம் கருதுகிறது' போன்ற எழுவாய்களை அடித்துவிட்டு எந்த அரசு, எந்த அமைச்சகம் என்று போடுங்கள். எச்சரிக்கையாக எழுதுவதாக நினைத்து ஒவ்வொரு வரியிலும் 'கூடும்' சேர்க்காதீர்கள்; உண்மையில் ஐயமுள்ள ஓரிடத்தில் போதும். முன்கணிப்பு என்றால் காலவரம்பும் நிபந்தனையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செய்தி சூடாக இருக்கும் இரண்டு மூன்று நாளுக்குள் அனுப்பாவிட்டால் நல்ல கட்டுரையும் கிடப்பில் போகும். செப்டம்பரில் பொது அவை கூடுவது முன்பே தெரிந்த தேதி. அதற்கான வரைவை ஆகஸ்டிலேயே எழுதி வைத்து, அனுப்பும் நாளில் முதல் பத்தியை மட்டும் மாற்றலாம்.